திடீர்த் தலைவலி: காலை வரை காத்திருப்பதா, இரவே கிளம்புவதா?

சென்ற மார்கழியில் ஓர் இரவு 9 மணியளவில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்த அத்தை, குடத்தை அப்படியே போட்டுவிட்டுப் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "தலைக்குள்ள வெடி வெச்ச மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. பத்து நிமிடத்துக்குள் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. சுக்குப் பற்றுப் போட்டு, ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்து, விடிந்ததும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சீட்டு வாங்கிக் காட்டலாம் என்றார் பாட்டி. தெருமுனைக் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார் மாமா. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்றாள் தங்கை.

மூன்றில் எது சரி என்பதை வலியின் கடுமையை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஒற்றைத் தலைவலியும் மண்டையைப் பிளக்கத்தான் செய்யும். ஆனால் அது பெரும்பாலும் சிறிது சிறிதாக ஏறி, 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை இருந்துவிட்டு இறங்கும். இடி இறங்கியதுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும் வலியின் கதை வேறு. மூளையின் இரத்தக்குழாயில் பலவீனமான இடம் பலூன்போலப் புடைத்திருந்து வெடித்தால், மூளையைச் சூழ்ந்த உறைகளுக்கிடையே இரத்தம் கசிந்து, இப்படித்தான் வலி தொடங்கும். ஆகவே, எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக வந்தது என்பதே முதல் கேள்வி.

பாட்டியின் வழி, பல வருடங்களாகத் தெரிந்த, வழக்கமான முறையில் வரும் தலைவலிக்குப் பொருந்தும். அதற்கு இருட்டறையும் மாத்திரையும் போதும். புதிதாக வந்த இடி வலிக்கு அது ஆபத்தானது. மாத்திரையில் வலி குறைந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று பொருளல்ல. அந்த மாத்திரை ஆஸ்பிரினாக இருந்தால், கசிகிற இரத்தம் உறைவதையும் அது தடுக்கும். இதைவிட முக்கியம் நேரக் கணக்கு. வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சிடி ஸ்கேனில் இத்தகைய கசிவு ஏறக்குறையத் தவறாமல் தெரிந்துவிடும். நேரம் போகப் போக இரத்தம் கரைந்து, படம் தெளிவிழக்கும், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டிய நிலை வரும். இரவு 9 மணி வலிக்குக் காலை 7 மணிக்குப் புறநோயாளிச் சீட்டு வாங்கப் போனால், 10 மணி நேரம் கழிந்திருக்கும். வெடித்த குழாய் மறுபடி கசியும் அபாயமும் முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம்.

மாமாவின் கிளினிக் இதைவிட மேல், ஆனால் ஒரு பொறி உண்டு. வலியில் துடிப்பவருக்கு இரத்த அழுத்தம் ஏறியிருப்பது இயல்பு. "பிரஷர்தான் காரணம்" என்று மாத்திரையோடு அனுப்பிவிட்டால் உண்மையான காரணம் மறைந்துபோகும். கழுத்து விறைத்திருக்கிறதா என்று வளைத்துப் பார்த்துவிட்டு உடனே மேல் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் அது வீணான அரை மணி நேரம்.

தங்கையின் வழிக்குச் செலவும் அலைச்சலும் உண்டு என்பதை மறுக்கவில்லை. எங்களுக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை பக்கம். கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், அரியாங்குப்பத்தில் வண்டிகள் தேங்கினால் இன்னும் நேரமாகும். தூரத்தைவிட, அந்நேரத்தில் ஸ்கேன் எடுக்கிறார்களா என்பதே முக்கியம். ஜிப்மருக்கே போனாலும் புறநோயாளி வரிசைக்கு அல்ல, அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். நோயாளியைப் பைக்கின் பின்னால் உட்கார வைத்துப் போவது கூடவே கூடாது. வழியில் நினைவு தப்பலாம்.

வேகமாக வராத வலியிலும் காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு: காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல், வலிப்பு, இமை தொங்கி இரட்டையாகத் தெரிதல், தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள் ஆகியோருக்கு வரும் புதிய, கடுமையான தலைவலியும் இதே வரிசைதான். 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலியையும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

அன்றிரவு தங்கை வென்றாள். ஸ்கேனில் கசிவு இல்லை. பெரும்பாலான இடி வலிகள் அப்படித்தான் முடியும் என்றார் மருத்துவர். விடியற்காலை 3 மணிக்கு வீடு திரும்புகையில் மாமா செலவைச் சொல்லி முணுமுணுத்தார். மருத்துவர் எங்களிடம் முதலில் கேட்டது பிரஷர் அளவை அல்ல, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது, உச்சத்துக்கு வர எவ்வளவு நேரமாச்சு?" என்பதைத்தான். குடம் விழுந்த சத்தம் கேட்டபோது தங்கை கடிகாரத்தைப் பார்த்திருந்தாள்.