பார்க்ஸ் 50 எண்ணெய்: எட்டு கத்திகளுக்குப் பிறகு

நான் செய்த முதல் மூன்று கத்திகளையும், எஃகு இறுகுவதற்காகப் பழுக்கக் காய்ச்சி, கனோலா என்ற சமையல் எண்ணெயில்தான் தோய்த்தேன். பார்க்ஸ் 50 என்ற தோய்ச்சல் எண்ணெய்க்கு வந்தது அதற்குப் பிறகுதான். கடையில் எப்போதும் கிடைக்கும், விலையும் குறைவு. அடுப்பில் லேசாகச் சூடாக்கிவிட்டால் ஓரளவு வேகமாகவே குளிர்விக்கும். மூன்றும் நன்றாக வெட்டின. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஹாமோன். அது ஒன்றில்கூட வரவில்லை.

ஜப்பானிய வாள்களில் கூருக்குச் சற்று மேலே மூடுபனி படிந்ததுபோல அலையலையாக ஓடுமே, அந்தக் கோடுதான் ஹாமோன். அதை யாரும் வரைவதில்லை, பொறிப்பதும் இல்லை. அலகின் முதுகில் மண் பூசி, பழுக்கக் காய்ச்சி, சட்டென்று முக்கும்போது மண் மூடாத கூர் நொடிப்பொழுதில் குளிர்ந்து மார்டென்சைட் என்ற கடினமான நிலைக்குப் போகிறது. மண்ணுக்கு அடியில் இருக்கும் முதுகு மெதுவாக ஆறிப் பெர்லைட்டாக, மென்மையாக நின்றுவிடுகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் கண்ணுக்குக் கோடாகத் தெரிகிறது. ஊரில் கொல்லர்கள் தோய்ச்சல் என்பது இந்த முக்கலைத்தான். மண் பூச்சு மட்டும் கூடுதல்.

எண்ணெயைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எஃகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் முதல் கத்தி பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்தது. அந்த வகைப் பட்டைகள் பெரும்பாலும் 5160 போன்ற எஃகு. அதில் குரோமியம் இருப்பதால் மெதுவாக ஆறினாலும் இறுகிவிடும். மண்ணுக்கு அடியிலும் இறுகினால் எல்லை எங்கிருந்து வரும்? எந்த எண்ணெய் வாங்கினாலும் அதில் ஹாமோன் வராது. வேண்டியது 1095 அல்லது டபிள்யூ2 என்ற எஃகு வகை. 1095-ல் கரி (கார்பன்) 0.90 முதல் 1.03 சதவீதம், மாங்கனீஸ் 0.30 முதல் 0.50 வரைதான். மாங்கனீஸ் குறைந்தால் எஃகு ஆழமாக இறுகாது. கத்திக்காரர்கள் பலர் முதலில் வாங்கும் 1084-ல் மாங்கனீஸ் 0.60-க்குக் கீழே இறங்காது. கோடு வந்தாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

1095-க்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஏறத்தாழ 790 டிகிரி செல்சியஸிலிருந்து 540 டிகிரிக்குக் கீழே ஒரு நொடிக்குள் இறங்கியாக வேண்டும். தவறினால் கூரும் பெர்லைட்டாகிவிடும். கனோலா அந்த வேகத்தை எட்டிப்பிடிக்கத் திணறுகிறது. மூன்றாவது கத்தியை 1095-ல் செய்து, மண்ணும் பூசி, கனோலாவில் முக்கினேன். அரத்தை வைத்துப் பார்த்தால் நுனியில் வழுக்கியது, அங்கே இறுகியிருக்கிறது; கைப்பிடியை ஒட்டிய குதிகாலுக்குப் பக்கத்தில் கடித்தது, அங்கே இறுகவில்லை. பார்க்ஸ் 50 வாங்கியது அதற்கு அப்புறம்தான்.

கனோலாவோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு. இது தண்ணீரின் வேகத்தை நெருங்குவதற்கென்றே தயாரித்த எண்ணெய். மெல்லியது, ஊற்றும்போதே தெரியும். கனோலா மாதிரி சூடாக்கவும் வேண்டாம், அறை வெப்பத்திலேயே வேலை செய்யும். ஆனால் என் பட்டறை மிச்சிகனில் ஒரு கராஜ். ஜனவரியில் எண்ணெய் டப்பாவைத் தொட்டால் பனிக்கட்டிதான். அப்போது மட்டும் ஒரு இரும்புத் துண்டைக் காய்ச்சி உள்ளே விட்டு, கை பொறுக்கும் அளவுக்குச் சூடேற்றிக்கொள்கிறேன்.

ஐந்தாவது கத்தியைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லாம் கூடி வந்தது. சமையலறைக்கான சின்னக் கத்தி, அலகு ஆறு அங்குலம். கூரை முழுதாகத் தேய்க்காமல் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் விட்டுவைத்தேன். 870, 815, 760 என்று இறங்குமுகமாக மூன்று முறை காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டேன், எஃகுக்குள் இருக்கும் மணிகள், அதாவது நுண்ணிய படிகங்கள், சிறுக்க வேண்டும் என்பதற்காக. பிறகு உலைச் சுவருக்குப் பூசும் காரையைத் தயிர்ப் பதத்தில் கரைத்து முதுகில் இரண்டு மில்லிமீட்டருக்குப் பூசினேன். அதிலிருந்து கூரை நோக்கி மெல்லிய கோடுகளாகக் கொஞ்சம் இழுத்தேன். ஜப்பானியர்கள் அவற்றை ஆஷி, அதாவது கால்கள், என்பார்கள். ஒரு ராத்திரி காயவிட்டேன்.

உலைக்கு முன்னால் விளக்கை அணைத்துவிட வேண்டும். இருட்டில்தான் அலகுக்குள் நடப்பது தெரியும். சிவப்பு ஏறிக்கொண்டே வரும், காந்தம் ஒட்டுவது நின்றுபோகும், அதே சமயம் அலகுக்குள் ஒரு நிழல் மெல்ல நகர்ந்து மறையும். நிழல் முழுக்கப் போனதும் இன்னும் கொஞ்சம் பொறுத்து எடுக்க வேண்டும். 800-ஐத் தாண்டவிட்டால் எஃகு ஆழமாக இறுகி, கோடு முதுகை நோக்கி ஏறி உள்ளிருக்கும் நுணுக்கமும் போய்விடும். குறடால் பிடித்து, நுனியிலிருந்து ஒரே மூச்சில் முழு அலகையும் எண்ணெய்க்குள் இறக்கினேன். பாதி வெளியே நின்றால் தீப்பிடிக்கும். ஏழு எண்ணி எடுத்தேன். 1095 ஏறக்குறைய 210 டிகிரியில்தான் இறுகத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஓரிரு நொடிகள் அலகு இன்னும் இளக்கமாகவே இருக்கும். லேசாகக் கோணியிருந்ததைக் கையுறையோடு அப்போதே நேராக்கிவிட்டேன்.

அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல முழு நீளத்துக்கும் வழுக்கியது. பிறகு, இறுகிய அலகு நொறுங்காமல் இருப்பதற்காக, சமையல் ஓவனில் 200 டிகிரி, இரண்டு மணி நேரம், இரண்டு முறை.

அப்புறம் தேய்ப்பு. 220-ல் தொடங்கி 2000 நம்பர் உப்புத்தாள் வரை, எல்லாம் கையால். 600 வரை ஒன்றுமே தெரியவில்லை. 1000-ஐ முடித்துச் சூடான எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் தடவினேன். அலகு சாம்பல் நிறமானது. படிந்த கறையைப் பாலிஷால் துடைத்ததும் கூர்ப்பக்கம் பனி மூடியதுபோல வெளுத்து நின்றது, முதுகு கறுத்தது, நடுவில் நான் பூசிய மண்ணின் அலை. ஆஷி இழுத்த இடங்களில் சின்னச் சின்ன விரல்கள் கூரை நோக்கி இறங்கியிருந்தன. மனைவியைக் கூப்பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்தால்தான் தெரியும்.

இதுவரை இந்த எண்ணெயில் எட்டு கத்திகள். ஏழில் ஹாமோன் வந்தது. வராத ஒன்றில் தப்பு என்னுடையது, மண்ணை நான்கு மில்லிமீட்டருக்கு அப்பிவிட்டேன். தடித்த மண் தேக்கிவைத்த சூடு கூருக்குத் திரும்பி வந்து இறுக்கத்தைக் குலைத்துவிடும்.

தண்ணீரே நல்லதில்லையா என்று கேட்பார்கள். உண்மைதான், ஹாமோனுக்குத் தண்ணீரை மிஞ்ச ஒன்றுமில்லை. ஜப்பானிய வாள் கொல்லர்கள் தண்ணீரில்தான் முக்குகிறார்கள். கூரில் மார்டென்சைட் விரிவதால் வாளுக்கு அந்த அழகான வளைவும் தண்ணீரில் கிடைக்கிறது. எண்ணெயில் அலகு கூர்ப்பக்கம் சற்றுக் குனியத்தான் பார்க்கும், அதற்குத் தகுந்தாற்போல் முன்கூட்டியே வடிவம் கொடுக்க வேண்டும். கோட்டுக்குள் மணல்மணலாக மின்னும் நியே பொட்டுகளும் தண்ணீரில் நிறைய வரும். எண்ணெயில் எனக்கு வந்தவை பெரும்பாலும் நியோய், அந்தப் பனிப்படலம் மட்டும். ஆனால் தண்ணீரில் நான் முக்கிப் பார்த்த ஒரே கத்தி, மூன்றாவது நொடியில் டிங் என்று ஒரு சத்தம் கொடுத்துக் கூரிலிருந்து மேலே விரிசல் விட்டது. பத்து மணி நேர அரவேலை அதோடு போயிற்று. அந்தச் சத்தத்தை மறுபடி கேட்க எனக்கு மனமில்லை. பழகியவர்கள் தண்ணீருக்குப் போகட்டும். வீட்டில் வார இறுதியில் மட்டும் உலை மூட்டுகிறவர்களுக்கு நான் இந்த எண்ணெயைத்தான் சொல்வேன்.

இது எல்லா எஃகுக்குமான எண்ணெய் இல்லை. 5160, ஓ1 போன்றவற்றுக்கு இவ்வளவு வேகம் வேண்டாம், விரிசல் விடக்கூடும். அவற்றுக்கு மெதுவான எண்ணெய் தனியாக வைத்திருக்கிறேன். தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் ஊற்றவே கூடாது. மூடியுள்ள ஆழமான இரும்புக் குழாயில் வையுங்கள், கராஜ் கதவைத் திறந்துவைத்து, தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு முக்குங்கள்.

வாங்கினால் இரண்டு காலனாக வாங்குங்கள். ஒரு காலன் சின்ன அலகுக்குப் போதும், எட்டு அங்குலத்துக்கு மேல் போனால் அடுத்தடுத்து இரண்டு அலகுகள் முக்குவதற்குள் எண்ணெய் கொதிகொதியென்று சூடேறிவிடுகிறது.