மூன்று கணவர், நான்கு பெயர்: பிரிட்ஜெட் பிஷப்பைத் தேடிய மூன்று வருடம்

நண்பனின் மனைவி அமெரிக்கர். 1692 ஜூன் 10ஆம் தேதி மாசசூசெட்ஸின் சேலத்தில் சூனியக்காரி என்று முதலாவதாகத் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப் தன் வம்சத்தின் ஆதிப்பாட்டி என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "தேடிப் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று ஒருநாள் கேட்டார், சரி என்று உட்கார்ந்தேன், மூன்று வருடம் போய்விட்டது.

முதல் தப்பு, பணம் கட்டிச் சேரும் ஒரு வம்சாவளித் தளத்தில் சந்தா போட்டது. பெயரை அடித்ததும் அழகாக ஒரு மரம் விரிந்தது, பன்னிரண்டு தலைமுறை, எல்லாம் கச்சிதம். யாரோ ஒருவர் போட்டதை நூறு பேர் நகல் எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒன்றுக்கும் ஆவணம் கிடையாது. கேட்காமலேயே இரண்டாம் வருடச் சந்தாவையும் பிடித்துக்கொண்டார்கள், அதைத் திரும்ப வாங்க நாலு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

அப்புறம்தான் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தின் பக்கம் வந்தேன். இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும், பழைய பதிவேடுகளின் படங்களையே பார்க்கலாம். கூடவே எசெக்ஸ் வட்டார நீதிமன்றப் பதிவுகளின் அச்சுத் தொகுதிகளும், வர்ஜீனியா பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் சேலம் வழக்கு ஆவணங்களும். எனக்கு வேலைக்கு ஆனவை இவைதான்.

அந்தக் காலத்துப் பெண்ணைத் தேடும்போது திருமணப் பதிவையே நம்பி உட்கார்ந்தால் நகரவே முடியாது. கணவர் செத்த பிறகு வரும் சொத்துக் காகிதத்தைப் பிடிக்க வேண்டும். பிரிட்ஜெட் பிறந்த வீட்டுப் பெயர் பிளேஃபர். இங்கிலாந்தின் நாரிச் நகரில் 1660இல் வாசல்பி என்பவரைக் கட்டினார், அவர் போனபின் 1666இல் சேலத்தில் தாமஸ் ஆலிவரை. அந்தக் குடும்பம் நடந்த லட்சணம் நீதிமன்றப் பதிவில் அப்படியே இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமையில் புருஷனைத் திட்டினார் என்று வழக்கு, இருவரையும் வாயைக் கட்டி முதுகோடு முதுகாகச் சந்தையில் நிறுத்தச் சொல்லித் தீர்ப்பு. ஆலிவர் 1679இல் இறந்ததும் சொத்தை நிர்வகிக்கும் உரிமை விதவைக்கு வந்தது. மூன்றாவதுதான் மரம் அறுக்கும் எட்வர்ட் பிஷப்.

தேதியிலும் ஒரு வாரம் குழம்பினேன். ஆலிவர் இறந்தது 1679 கோடையில். விதவைமீது முதல் சூனியப் புகார் 1679 பிப்ரவரியில் என்று ஒரு குறிப்பு. அப்படியென்றால் புகார் வந்தபோது அவர் விதவையே இல்லையே? அன்றைய ஆங்கிலேயர் கணக்கில் வருடம் மார்ச் 25இல்தான் பிறக்கும், 1752 வரை அப்படித்தான். ஆகவே அந்தப் பிப்ரவரி, கோடை முடிந்து வந்த பிப்ரவரி, நம் கணக்கில் 1680. இது தெரியாமல் மரம் போட்டவர்கள் எத்தனை பேரோ.

பெரிய சிக்கல் கடைசிப் பெயரில். பெண்ணை "குடி பிஷப்" என்றுதான் எழுதுவார்கள், குடி என்றால் குட்வைஃப், அதாவது இன்னார் சம்சாரம், சொந்தப் பெயர் வராது. பிரிட்ஜெட் இருந்தது சேலம் நகரத்தில். அதே காலத்தில் பக்கத்துச் சேலம் கிராமத்தில் இன்னொரு எட்வர்ட் பிஷப் இருந்தார், மனைவி சாரா. வீட்டில் ராத்திரி நெடுநேரம் குடியும் ஆட்டமுமாக இருந்தது என்று ஜான் ஹேல் பாதிரியார் சொன்ன சாட்சியம் இந்தச் சாராவைப் பற்றியது. அது பிரிட்ஜெட்டின் வழக்குக் காகிதங்களோடு கலந்துபோய், நகரத்துப் பெண் சாராயக்கடைக்காரியாகி, இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள். வம்சாவளி ஆராய்ச்சியாளர் டேவிட் கிரீன் 1981இல்தான் இதைப் பிரித்துக் காட்டினார். கிராமத்தில் நடந்த விசாரணையில் பிரிட்ஜெட்டே, குற்றம் சாட்டும் இவர்களை நான் பார்த்ததில்லை, இந்த இடத்துக்கு வந்ததுமில்லை என்று சொன்னது எழுத்தில் இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

நண்பனின் மனைவியின் கிளை பின்னால் போய் முட்டுவது சாராவின் பிள்ளைகளில். சாராவும் புருஷனும் அதே சூனியக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போய், அங்கிருந்து தப்பியவர்கள், தூக்கு இல்லை. பிரிட்ஜெட்டின் வழி ஆலிவருக்குப் பிறந்த மகள் கிறிஸ்டியன் மூலம் போகிறது, அது வேறு குடும்பம்.

ஒருவழியாகச் சொன்னேன். இரண்டு நாள் பேச்சே இல்லை. சாராவின் அப்பா ஜான் வைல்ட்ஸின் இரண்டாம் மனைவி அதே 1692 ஜூலை 19இல் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்டவர் என்பதை நான் அனுப்பிய காகிதத்திலேயே கண்டுபிடித்துவிட்டு மூன்றாம் நாள் ஃபோன் செய்தார்: "மாற்றாந்தாய்ப் பாட்டி கணக்கில் வருமா?"