கரியில் சுட்ட மாட்டிறைச்சிக்கு எந்த இலை: பாப்பலோ, ருக்கோலா, லா லோட்

பாப்பலோ இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இலைப்பரப்பில் ஊசியால் குத்தியதுபோல் வெளிச்சம் கசியும் சிறு புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இலையை விரலிடுக்கில் லேசாக நசுக்கினாலே கொத்தமல்லியும் எலுமிச்சைத் தோலும் மிளகும் சேர்ந்த நெடி மூக்கில் ஏறும். கையைக் கழுவிய பிறகும் அது சிறிது நேரம் விரலிலேயே இருக்கும்.

மிளகுக் காரம் உள்ள இலையோடு மாட்டிறைச்சியைச் சுட்டுத் தின்னும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. நான் மீண்டும் மீண்டும் சமைத்துப் பார்த்தவை மூன்று: மெக்சிகோவின் பாப்பலோ, இத்தாலியின் ருக்கோலா, வியட்நாமின் லா லோட். ஓடைக்கீரைபோல் தண்ணீரில் வளரும் வாட்டர்கிரெஸை பிரான்சில் ஸ்டேக் எனும் சுட்ட இறைச்சித் துண்டின் ஓரத்தில் வைப்பார்கள். வெண்ணெய் ஊற்றிய இறைச்சிக்கு அது பொருத்தம்தான். பூண்டும் எலுமிச்சையும் ஏறிய இறைச்சிக்கு முன்னால் தண்ணீராகத் தெரிகிறது. அதனால் அதை விட்டுவிட்டேன்.

மூன்றுக்கும் ஒரே இறைச்சியைத்தான் எடுத்தேன். விலா எலும்பை ஒட்டி நீளமாக, மெல்லியதாக, நார்கள் வரிவரியாகத் தெரியும் தசை அது. மெக்சிகோவில் அராச்செரா என்பார்கள். ஒரு கிலோவுக்கு மூன்று எலுமிச்சைச் சாறு, ஆறு பல் பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், 12 கிராம் உப்பு, கொஞ்சம் எண்ணெய். இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். புளிப்பு மேற்பரப்பைத் தாண்டி அதிகம் உள்ளே போவதில்லை. கூடுதல் நேரம் விட்டால் மேல்தோல் வெளிறிக் குழைந்துவிடும். கம்பி வலையில் போடுமுன் துணியால் ஒற்றி எடுப்பது மிக முக்கியம். ஈரம் இருந்தால் இறைச்சி வேகுமே தவிரச் சிவந்து கருகாது. நன்கு கனன்ற தணலில் பக்கத்துக்கு மூன்று நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு, நாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகள்.

ருக்கோலாவில் தொடங்குகிறேன். இத்தாலியில் தாலியாத்தா என்ற பெயரில் சுட்ட இறைச்சியைத் துண்டுகளாக அறுத்து, ருக்கோலாவும் சீவிய பாலாடைக்கட்டியும் சேர்த்துத் தருவார்கள். இந்த இலை கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைக் கடுகை மென்றால் உறைக்கும், தாளித்த கடுகு உறைக்காது. எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இலை நசுங்கும்போது இரண்டு பொருள்கள் கலந்துதான் அந்தக் காரமே பிறக்கிறது. அவற்றுள் ஒன்று நொதி. சூடு பட்டால் அது செயலிழந்துவிடும். சுடச்சுட அறுத்த துண்டுகளை ருக்கோலாமேல் அடுக்கினேன். அடியில் இருந்த இலைகள் கீரைக்கூட்டுபோல் துவண்டன. மேலே இருந்தவை மட்டும் உறைத்தன. வெறும் உப்பும் ஆலிவ் எண்ணெயும் தடவிய இறைச்சியோடு இதே இலை எவ்வளவு நன்றாக இருக்கிறது! எலுமிச்சையும் சீரகமும் ஏறிய இறைச்சியோடு அதன் குரல் எடுபடவில்லை.

லா லோட் நெருப்புக்கென்றே பிறந்த இலை. மிளகு, திப்பிலி, வெற்றிலை எல்லாம் சேர்ந்த பேரினத்தில் இதுவும் ஒன்று. தெற்கு வியட்நாமில் மாட்டிறைச்சியை மட்டும் வைத்து ஏழு வகை பரிமாறும் விருந்து உண்டு. அதில் இந்த இலையில் சுருட்டிச் சுட்டதும் ஒரு வகை. பச்சையாகக் கடித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பளபளப்பான பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, எண்ணெய் தடவித் தணலில் காட்டினால் ஓரம் கருகும்போது மிளகும் புகையும் கலந்த வாசம் தெருமுனைவரை போகும். ஆங்கிலச் சமையல் குறிப்புகள் பலவற்றில் இதை வெற்றிலை என்றே எழுதியிருப்பார்கள். அதை நம்பி ஒருமுறை வெற்றிலையில் சுற்றினேன். அதன் காரம் இறைச்சியை முழுக்க மூடிவிட்டது.

இருந்தும் லா லோட்டை ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை? அது கேட்பது கொத்திய இறைச்சியை, அல்லது விரல் நீளத் துண்டுகளை. கூடவே எலுமிச்சைப்புல், மீனை உப்பில் நொதிக்கவைத்து எடுக்கும் மீன் சாறு. இலைக்குள் இருக்கும் இறைச்சிக்குத் தணல் நேராகப் படாது. எனக்கு ஸ்டேக்கின் மேல் அந்தக் கருஞ்சிவப்பு ஏடு வேண்டும்.

பாப்பலோவுக்கு வருகிறேன். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாட்டிலில் வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். மெக்சிகோவின் புவெப்லாவில் செமிதா என்ற எள் தூவிய ரொட்டிக்குள் இறைச்சி, அவகாடோ, பாலாடைக்கட்டி எல்லாவற்றோடும் இதைப் பச்சையாகத் திணிப்பார்கள். கடைகளில் பூங்கொத்துபோல் காம்புகளைத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தி வைத்திருப்பதும் உண்டு. வட மெக்சிகோவின் கரி விருந்துகளுக்கும் இந்த இலைக்கும் அவ்வளவு பழக்கம் இல்லை. இது நடுப்பகுதியின் இலை. அங்கே தாளைப்போல் விரித்தறுத்து உப்பிட்டுச் சுடும் செசினா இறைச்சியோடு சேர்வது. அராச்செராவோடு சேர்த்தது என் விருப்பம்.

முதல் முறை பெரிய தப்புச் செய்தேன். இவ்வளவு வாசமுள்ள இலையை வீணாக்குவானேன் என்று ஒரு கட்டு பாப்பலோவை மசாலாவோடு அரைத்து இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் பாத்திரத்தைத் திறந்தபோது சோப்பு வாடை. சுட்ட பிறகு வாசம் எல்லாம் பறந்து கசப்பு மட்டும் எஞ்சியது. அந்தச் சுரப்பிகளில் இருப்பது எளிதில் ஆவியாகும் எண்ணெய்; நெருப்பருகே அது நிற்காது.

அடுத்த முறை இறைச்சி ஓய்வெடுத்து, துண்டுகளாகி, டாக்கோவுக்கான சோளரொட்டியில் ஏறிய பிறகு பச்சை இலையைக் கிள்ளிப் போட்டேன். கொழுப்பும் கரியும் எலுமிச்சையும் நாக்கில் படிந்திருக்கும்போது குளிர்ந்த காரம் ஒன்று குறுக்கே பாய்கிறது. மற்ற இரண்டு இலைகளிலும் எனக்குக் கிடைக்காதது இதுதான். எலுமிச்சைப் புளிப்பு ருக்கோலாவை அமுக்கியது. பாப்பலோவை இன்னும் தூக்கிக் காட்டியது.

விதை வாங்கி வெயில்படும் தொட்டியில் தூவினால் வளரும். பூ வருமுன் இளம் இலைகளைக் கிள்ளிக்கொள்ளுங்கள். முற்றியதில் நெடி கடுமை. கொத்தமல்லி வாசமே ஆகாதவர்களுக்கு இதைத் தராதீர்கள். மற்றவர்களுக்கு முதல் முறை ஒரு டாக்கோவுக்கு இரண்டு இலை போதும். மீதியைக் காம்போடு தண்ணீர்க் குவளையில் நிறுத்தி மேசை நடுவே வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் கிள்ளிக்கொள்வார்கள்.