உறைபனி ஊரில் முற்றத்துத் தளம்: ஸ்டாம்ப்டு கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா?

குளிர்காலம் முழுக்கத் தரை உறைந்து கிடக்கும் ஊரில் வெளித்தளம் போடுவதென்றால், பேச்சு கடைசியில் இரண்டில்தான் வந்து நிற்கும். ஒன்று, ஒரே பலகையாகக் கான்கிரீட் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் கல் அச்சு பதிக்கும் ஸ்டாம்ப்டு கான்கிரீட். இன்னொன்று, ஜல்லிப் படுகையில் மணல் விரித்துக் கோக்கும் பேவர் பிளாக். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் முற்றத்துக்கு என் தேர்வு ஸ்டாம்ப்டுதான். கார் வந்து நிற்கும் தளத்துக்கு அதே உறுதியோடு அதைச் சொல்ல மாட்டேன். இரண்டையும் பிரிப்பது, பனியை உருக்கத் தூவும் உப்பு.

சின்ன வித்தியாசங்களை முதலில் முடித்துவிடலாம். ஸ்டாம்ப்டில் இடுக்கு இல்லாததால் புல் முளைக்காது, எறும்பு மண் தள்ளாது, நாற்காலி கால் ஆடாது. பேவரில் ஒரு குழாய் புதைக்க வேண்டுமானால் நாலு கல்லைப் பெயர்த்து எடுத்து, திரும்ப வைத்துவிடலாம். அழகு அவரவர் கண்ணுக்கு. மற்ற எல்லாமே மேற்பரப்பின் சில மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்து, விரிவதற்கு இடமில்லாமல் போனால் உள்ளிருந்து தள்ளும். வறண்ட கான்கிரீட்டைக் குளிர் ஒன்றும் செய்யாது. ஊறிய கான்கிரீட்டைத்தான் உடைக்கும். இதற்கான மருந்து, கலவையிலேயே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்களை உண்டாக்கும் சேர்மானம். உறையும் தண்ணீருக்கு அந்தக் குமிழ்கள்தான் ஒதுங்குமிடம்.

உப்பு வந்தால் கணக்கு மாறும். உப்பு பனியை உருக்கி, அந்தத் தண்ணீரைக் கான்கிரீட்டுக்குள் இறக்குகிறது. ஈரத்தைப் பிடித்து வைத்து, துளைகளை மேலும் நிரப்புகிறது. சும்மா உறைந்தே கிடந்திருக்கும் தளத்தை உருகி, மறுபடி உறைந்து, மறுபடி உருக வைக்கிறது. செறிவான உப்புநீரைவிட 3 சதவீதம் அளவுக்கு நீர்த்த உப்புநீர்தான் மேற்பரப்பை அதிகம் பொருக்குப் பொருக்காக உதிர்க்கிறது. உப்பு தூவிய சாலையில் ஓடிவந்த காரின் அடியிலிருந்து உருகிச் சொட்டுவது இப்படி நீர்த்த உப்புநீர்தான். சாதாரண சாம்பல் கான்கிரீட்டில் பொருக்கு உதிர்ந்தால் சொரசொரப்பு, அவ்வளவுதான். ஸ்டாம்ப்டில் நிறத்தூள் தூவிய அடுக்கின் கனமே சுமார் 3 மில்லிமீட்டர். அது உதிர்ந்தால் கீழே சாம்பல் நிறம் பல்லிளிக்கும். அந்த இடத்தை மட்டும் நிறம் பொருந்தச் சரிசெய்ய முடியாது. ஒட்டுப் போட்டது தெரிந்தே தீரும்.

பின்முற்றத்தில் கார் வராது, உப்பு போடும் அவசியமும் இல்லை. அங்கே ஸ்டாம்ப்டின் பெரிய பலவீனம் கிட்டத்தட்ட அடைபட்டுப் போகிறது. ஆனால் போடும் விதத்தில் போட்டால்தான்.

அடிமண்ணிலிருந்து தொடங்க வேண்டும். களிமண் ஈரத்தைப் பிடித்து, உறைந்து, தளத்தையே மேலே தூக்கும். மேல்மண்ணை வழித்துவிட்டு 150 முதல் 200 மில்லிமீட்டர் உடைகல் ஜல்லி போட்டு, இரண்டு அடுக்காகப் பிளேட் காம்பாக்டரால் இறுக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டி மூடிய மண் பல வருடம் அமுங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுச் சுவரை ஒட்டிய அந்தப் பட்டையில் இறுக்கம் போதாவிட்டால் முதல் விரிசல் அங்கேதான். வாட்டம் வீட்டிலிருந்து வெளியே, மீட்டருக்கு 20 மில்லிமீட்டர். சுவருக்கும் தளத்துக்கும் நடுவில் ஃபோம் பட்டை வைத்துப் பிரித்துவிட வேண்டும்.

தளத்தின் கனம் 100 மில்லிமீட்டர். 10 மி.மீ. கம்பியை 450 மி.மீ. இடைவெளியில் கட்டி, கவர் பிளாக் வைத்துப் பலகையின் நடுவில் நிற்க வைக்கலாம். கம்பி விரிசலைத் தடுக்காது, விரிந்ததைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். தரையில் படுத்துக் கிடக்கும் கம்பியால் அதுகூட நடக்காது.

கலவைதான் உயிர். ரெடிமிக்ஸ்காரரிடம் சொல்ல வேண்டியவை: வலிமை 32 மெகாபாஸ்கல், நீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது, 20 மி.மீ. ஜல்லிக்குக் காற்று 5 முதல் 8 சதவீதம், ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளக்கம் என்பதைக் காட்டும் அளவு) 100 முதல் 125 மி.மீ. ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலப்பதானால் அளவாக. அதிகமானால் இறுகுவது தள்ளிப்போய், அச்சு பதிக்கும் நேரத்தைக் கணிக்க முடியாது. கால்சியம் குளோரைடு கலந்த வேகமூட்டி வேண்டவே வேண்டாம். நிறக் கான்கிரீட்டில் திட்டுத்திட்டாகக் கறை விழும். குளோரைடு இல்லாதது கிடைக்கிறது, அதைக் கேட்க வேண்டும்.

லாரி வந்ததும் காற்றை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கலவை கெட்டியாக இருக்கிறது என்று வேலையாட்கள் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். ஒரு கனமீட்டருக்கு 5 லிட்டர் ஊற்றினாலே ஸ்லம்ப் 25 மி.மீ. ஏறிவிடும், விகிதமும் கூடவே ஏறும். இளக்கம் தேவையென்றால் பிளாஸ்டிசைசர் போட்டுக்கொள்ளலாம். அதைவிட மோசம், மேற்பரப்பில் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது. பின்னால் பொருக்காக உதிரப்போகிற தோலை அங்கேயே தயார் செய்கிற வேலை அது.

மட்டம் இழுத்ததும் மெக்னீசியம் ஃப்ளோட் (மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்யும் பலகை) போதும். இரும்புக் கரணையால் அழுத்தி மெழுகினால் மேல்தோலிலிருந்து காற்றுக் குமிழ் வெளியேறிவிடும். கீழிருந்து எழும் தண்ணீரும் மூடிய தோலுக்கடியில் சிக்கிக்கொள்ளும். தட்டிப் பார்த்தால் டொப்டொப்பென்று வெற்றொலி கேட்கிற இடங்கள் இப்படி உருவானவைதான்.

நிறம் கொடுக்க இரண்டு வழி: கலவையோடு கலப்பது, மேலே நிறத்தூள் தூவுவது. தூவினால் நிறம் அழுத்தமாக வரும், தோலும் கெட்டியாகும். சதுர மீட்டருக்கு சுமார் 3 கிலோ. முதல் தடவை மூன்றில் இரண்டு பங்கு, அது ஈரம் இழுத்து நிறம் மாறியதும் ஃப்ளோட் அடித்து, மீதியை இரண்டாவது தடவை. ஆனால் காற்று சேர்த்த கான்கிரீட் மேலே அதிகம் தண்ணீர் விடாது. தூள் நனையாமல் வறண்டு நின்றால் அடியோடு ஒட்டாமல் பிரியும். அந்த நேரத்தில் தண்ணீர் தெளிக்கக் கை நீளும். பழகிய ஆட்கள் இல்லையென்றால் நிறத்தைக் கலவையிலேயே கலந்துவிடுவதுதான் குளிர் ஊருக்குப் பத்திரம். நிறம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் தோல் உதிர்ந்தாலும் கீழே அதே நிறம் இருக்கும்.

அச்சுக்கான பதம் விரலில் தெரியும். அழுத்தினால் 5, 6 மி.மீ. பள்ளம் விழ வேண்டும், விரலில் பசை ஒட்டக்கூடாது. அச்சு ஒட்டாமல் பிரிந்து வர ரிலீஸ் பவுடர் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம், மெல்லிய போர்வை போல. முதல் வரிசை அச்சுப் பாய்களை நூல் பிடித்து நேராக வைத்துவிட்டால் மீதி ஓடும். கோணினால் எதிர்மூலை போகும்போது ஒரு சாண் விலகியிருக்கும். அகலம் முழுக்க ஒரு வரிசையும், அதற்கு மேல் முன்னே நகர்த்த ஒன்றிரண்டு பாயும் கையிலிருக்க வேண்டும். 40 சதுர மீட்டரை இரண்டு பேர் தொட்டால், கடைசி ஓரம் கல்லாகிவிட்ட பிறகு பாயின் மேல் ஏறிக் குதித்தும் அச்சு விழாது.

அச்சைத் தேர்ந்தெடுப்பதிலும் குளிருக்கு ஒரு பேச்சு உண்டு. ஆழமான கோடுகளுள்ள உருண்டைக்கல் அச்சு படத்தில் அழகு. குளிர்காலத்தில் ஒவ்வொரு கோட்டிலும் தண்ணீர் நின்று உறையும், பனிவாரியின் விளிம்பு ஒவ்வொரு முகட்டிலும் இடறும். ஆழம் குறைந்த, கோடில்லாத ஸ்லேட் தோல் அச்சுதான் என் வாக்கு. கோடு வேண்டுமென்றால், நீளக் கோடு வாட்டத்தின் திசையில் ஓடட்டும், தண்ணீர் வழிந்துவிடும்.

விரிசல் வெட்டுகளை அழகுக்காகத் தவிர்க்கக்கூடாது. 100 மி.மீ. கனத்துக்கு 2.4 முதல் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, ஆழம் 25 மி.மீ. அச்சின் கோட்டோடு சேர்த்துவிட்டால் கண்ணில் படாது. வெட்டாத இடத்தில் கான்கிரீட் தானே வெட்டிக்கொள்ளும், உங்கள் டிசைனைக் கேட்காமல்.

நிறத் தளத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் போட்டு ஈரம் காத்தால் சுருக்கம் விழுந்த இடமெல்லாம் திட்டு விழும். பின்னால் போடப்போகும் சீலரோடு (தண்ணீர் இறங்காமல் காக்கும் பூச்சு) ஒத்துப்போகும் கியூரிங் திரவம், அதாவது ஈரம் காக்கும் திரவம், நல்லது. 7 நாளாவது வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாத பருவத்தில் ஊற்ற வேண்டும். உறைந்த தரையின் மேல் ஊற்றவே கூடாது. முதல் உறைபனிக்குக் குறைந்தது ஆறேழு வாரம் முன்பே வேலை முடிந்தால், வலிமை ஏறுவதற்கும் உள்ளீரம் வடிவதற்கும் நேரம் கிடைக்கும். இலையுதிர் காலக் கடைசியில் அவசரமாக ஊற்றுவதைவிட அடுத்த வசந்தம் வரை காத்திருப்பது மேல்.

அடுத்தது சீலர். பளபளப்புத் தரும் அக்ரிலிக் மேலே படலமாக நிற்கும். நிறம் நனைந்த கல் போல எடுப்பாகத் தெரியும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அழகு மங்குகிறதென்று அடுக்கு மேல் அடுக்காகப் பூசினால் கான்கிரீட்டின் ஈரம் வெளியேற வழியில்லாமல் படலம் வெளுத்து உரியும், அடியில் தேங்கிய ஈரம் உறைந்து தோலைத் தூக்கும். சைலேன், சைலாக்ஸேன் வகை உள்ளே இறங்கித் துளைகளின் சுவரைத் தண்ணீர் ஒட்டாததாக்கும்; ஆவி வெளியேற வழி விடும். பளபளப்பு கிடையாது, நிறமும் எடுப்பாகாது. முற்றம் பனிக்கடியில் மாதக்கணக்கில் கிடக்கும் ஊரில் இதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும், அக்ரிலிக் படலத்தின் மேல் ஊற்றினால் சைலேன் உள்ளே இறங்காது. அக்ரிலிக்தான் வேண்டுமென்பவர்கள் 28 நாள் கழித்து, உலர்ந்த தளத்தில், லிட்டருக்கு 5 முதல் 7 சதுர மீட்டர் வரும்படி மெல்லிசாக இரண்டு கை, வழுக்காமலிருக்க நுண்மணிப் பொடி கலந்து பூசட்டும். அக்ரிலிக் படலத்தில் வெண்மை படர்ந்தால் உடனே சுரண்ட வேண்டாம். சைலீன் (xylene, மேலே சொன்ன சைலேன் அல்ல) கரைப்பானை மெல்லிசாக உருட்டினால் படலம் இளகி, சிக்கிய ஈரம் பெரும்பாலும் வெளியேறிவிடும். சைலேன் போட்ட தளத்தில் வருடத்துக்கொருமுறை ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்திலேயே அந்த இடம் கருத்தால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது.

வழுக்கினால் மணல் தூவ வேண்டும். முதல் குளிர்காலத்தில் எந்த உப்பும் கூடாது. அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்ஃபேட் உள்ள உரவகைப் பொடிகள் எந்தக் காலத்திலும் கூடாது, அவை கான்கிரீட்டையே அரிப்பவை. பனி வார பிளாஸ்டிக் விளிம்புள்ள வாரி.

பேவர் இந்தத் தொல்லைகளில் பாதியைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிட்டு வருகிறது. குறைந்த தண்ணீரில், அழுத்தி வார்க்கப்படும் கல். அமெரிக்கத் தரநிர்ணயமான ஏஎஸ்டிஎம் சி936 கேட்பது சராசரி 55 மெகாபாஸ்கல் வலிமை, 5 சதவீதத்துக்கு மிகாத நீர் உறிஞ்சல். அடிமண் உறைந்து தூக்கினால் கற்கள் தூக்கிக்கொண்டு, உருகும்போது பெரும்பாலும் அமர்ந்துவிடும். ஒரு கல் பொருக்கு விட்டால் அந்தக் கல்லை மாற்றினால் போதும். அதற்காகவே பத்து இருபது கல்லை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

தொல்லை வருவது அடியிலும் ஓரத்திலும். கார் தளத்துக்கு 80 மி.மீ. கல், 200 முதல் 300 மி.மீ. இறுக்கிய ஜல்லி, களிமண்ணென்றால் அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி. மணல் படுகை 25 மி.மீ. மட்டும், ஜல்லியின் மேடுபள்ளத்தை மணலால் நிரப்பினால், ஒரே குளிர்காலத்தில் டயர் ஓடும் இடம் குழியாகும். ஓரத்தடுப்பு தளர்ந்தால் வரிசை முழுவதும் விரியும். இடுக்கில் போடும் பாலிமர் மணல் (நனைத்தால் இறுகும் பசை கலந்த மணல்) சில வருடம் தாங்கும், பிறகு நிரப்ப வேண்டும். பராமரிப்பு இல்லாத தளம் என்று இதை விற்பவர் சொன்னால் அந்த மணலைப் பற்றிக் கேளுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. உப்பு விழக்கூடிய இடங்களில் மட்டும், அதாவது காரிலிருந்து இறங்கும் பட்டை, வாசற்படியின் முன்னால் ஒரு மீட்டர், பேவர் வைத்து, மீதி முற்றத்தை ஸ்டாம்ப்டாக ஊற்றலாம். கான்கிரீட்டை முதலில் ஊற்ற வேண்டும்; அதன் விளிம்பே அந்தப் பக்கத்துக்கு ஓரத்தடுப்பு. கற்களை விளிம்பைவிட 4, 5 மி.மீ. உயரமாக வைத்து காம்பாக்டர் ஓட்டினால், ஓரிரு வருடத்தில் அமர்ந்து மட்டமாகும். தண்ணீர் கான்கிரீட்டிலிருந்து பேவர் பக்கம் வழிய வேண்டும், மறுதிசையில் வாட்டம் போனால் உப்புநீர் முற்றத்துக்கே வந்து சேரும்.