மூட்டு வலி: எண்ணால் கேட்பதா, சொல்லால் கேட்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் என் ஆயாவிடம் பிசியோதெரபிஸ்ட், “0 முதல் 10 வரை வலி எவ்வளவு?” என்று கேட்டார். “ஏழு.” அடுத்த மாதமும் ஏழுதான். ஆனால் முதலில் இருந்தது தூங்கவிடாத குடைச்சல். பிறகு வெறும் கடுப்பு. அந்த முன்னேற்றம் எண்ணில் தெரியவே இல்லை.

எண் வேகமானது, நூற்றுக்கணக்கானவர்களை ஒப்பிடும் ஆய்வுக்கு அது வேண்டும், சரி.

சொல்லால் கேட்க, உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாள் இருக்கிறது: 20 தொகுதிகளில் 78 சொற்கள். எல்லாம் ஆங்கிலச் சொற்கள். குத்தல், குடைச்சல், உளைச்சல், விண்விண்ணென்று தெறிப்பது இவற்றுக்கு நேர்ச்சொல் தேடினால் போதாது. நம் முதியவர்கள் வாயால் கேட்டுத் தொகுத்து, சோதிக்க வேண்டும். நேரம் பிடிக்கும்தான்.

என்னைக் கேட்டால், முதல் சந்திப்பில் சொல். அப்புறம் வாராவாரம் எண்.