அடிபம்புக்கு முழு மார்க், டிஜிட்டல் அறைக்குப் பாதிகூட இல்லை

மகள் போகிற மழலையர் பள்ளி போன வருஷம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. விளையாட்டு, இயற்கை, டிஜிட்டல் கற்றல் மூன்றும் ஒரே வளாகத்தில் என்று சொல்லித்தான் எங்களைச் சேர்த்தார்கள். நாலு வயசுக்காரியை ஒரு வருஷமாகத் தினமும் விட்டுக் கூட்டி வருகிறேன், பெற்றோர் உதவிக்குப் போகிற நாள்களில் உள்ளேயே உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். குறை சொன்னபோது முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பின்பக்க முற்றத்தில் ஒரு அடிபம்பு இருக்கிறது. பிள்ளைகள் உயரத்துக்குக் கட்டை போட்டு ஏற்றிய சின்ன பம்பு, அதிலிருந்து ஒரு மரக்கால்வாய், அது மணல் தொட்டியில் போய் முடிகிறது. அவ்வளவுதான். ஆனால் பம்பை ஒரு குழந்தை தனியாக அடித்தால் தண்ணீர் பாதிக் கால்வாயைத் தாண்டுவதற்குள் கசிந்து போய்விடும், இரண்டு பேர் மாறி மாறி அடித்தால்தான் மணலுக்குப் போய்ச் சேரும். வேண்டுமென்றே அப்படி வைத்தார்களா, தச்சர் வேலை கொஞ்சம் சரிவு தப்பிப்போனதா தெரியாது, எனக்கு அதுதான் கட்டடத்திலேயே சிறந்த வடிவமைப்பு. ஒரு நாள் என் மகளும் இன்னொரு பையனும் கால்வாய்க்குக் குறுக்கே ஈர மணலை அப்பி அணை கட்டினார்கள். உடைந்தது. கல்லை வைத்தார்கள், இடுக்கில் ஒழுகியது. கடைசியில் அவன் தன் செருப்பைக் கழற்றி அடைத்தான். மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மிஸ்ஸுக்குத் தனியாக மார்க் போட வேண்டும்.

அந்த முற்றத்தில் ஆணி அடித்து நிறுத்திய சாமான் குறைவு. பலகை, டயர், கயிறு, மூங்கில் துண்டு, பழைய வாளி எல்லாம் சும்மா கிடக்கும். பார்க்கக் குப்பை மாதிரி இருக்கிறது என்று சில பெற்றோர் புகார் செய்தார்கள். 1943-இல் டென்மார்க்கில், கோபன்ஹேகன் பக்கத்து எம்ட்ரப்பில், சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனையில் தொடங்கியதுகூட இப்படி ஒரு குப்பை விளையாட்டுத் திடல்தான். பிறகு 1971-இல் சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் இதையே 'லூஸ் பார்ட்ஸ்' என்று பெயரிட்டு எழுதினார்: ஓர் இடத்தில் நகர்த்தவும் மாற்றவும் முடிகிற பொருள்கள் எவ்வளவு அதிகமோ, அங்கே கண்டுபிடிக்கவும் அவ்வளவு இருக்கும். முன்பக்கத்தில் பளபளவென்று ஒரு சறுக்குமரக் கோட்டை நிற்கிறது. சேர்ந்த முதல் வாரம் அதற்குக் கூட்டம், இப்போது படியில் உட்கார்ந்து ஷூ மாட்டத்தான் பயன்படுகிறது.

அந்த முன்பக்கத்துக்குச் செயற்கைப் புல்லும் ரப்பர் தரையும் போட்டிருக்கிறார்கள். வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது, நான் கை வைத்துப் பார்த்து எடுத்துவிட்டேன். ஊஞ்சலுக்குக் கீழே ரப்பர் வேண்டும், சரி. முற்றம் முழுக்க எதற்கு? பின்லாந்தில் குழந்தைகள் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் செடிகளையும் கொண்டுவந்து பரப்பி 28 நாள் விளையாட விட்டுப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. பிள்ளைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, இரத்தத்தில் நோயெதிர்ப்பு தொடர்பான அளவீடுகளும் நல்ல பக்கம் மாறின. சின்ன ஆய்வுதான். ஆனாலும் பிளாஸ்டிக் புல்லைப் 'பசுமை வளாகம்' என்று எழுதிவைக்கிறவர்கள் அதைப் படிக்கலாம்.

உள்ளே வந்தால், ஜன்னல்கள் அருமை. அடிப்பகுதி என் முழங்கால் உயரம், திண்டு அகலம், குழந்தை உட்கார்ந்தபடியே மழையைப் பார்க்கலாம். படிக்கட்டுக்குக் கீழே பெரியவர்கள் நுழைய முடியாத ஒரு பொந்து, ஆனால் எட்டி நின்றால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிகிற மாதிரி. காலையில் அழுதுகொண்டு வருகிற பிள்ளைகள் கொஞ்ச நேரம் அதில்தான் இருக்கும்.

நடுக்கூடம் மட்டும் தாங்க முடியாது. டோக்கியோ பக்கம் தச்சிகாவாவில் 2007-இல் கட்டிய ஃபூஜி மழலையர் பள்ளியின் படத்தைப் பார்த்து மயங்கியிருப்பார்கள் போல, அதே நீள்வட்டம், சுவரில்லாத திறந்த வகுப்புகள். அங்கே கூரையே ஓடுதளம், மரங்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கின்றன, கதவுகளைத் திறந்தால் கட்டடமே வெளிமுற்றம் மாதிரி ஆகிவிடும். இங்கே வட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ், சுற்றிலும் திறக்காத கண்ணாடி. நாற்பது பிள்ளைகள் பேசினால் எதிரொலி காதைப் பிளக்கிறது. மிஸ்கள் கத்தித்தான் கதை சொல்கிறார்கள். கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை, தரையில் விரிப்பு, இரண்டையும் திட்டம் போடும்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் அந்த டிஜிட்டல் அறை. விளம்பரத்தில் முதல் படம் அதுதான். 12 டேப்லெட், மேசையோடு சேர்த்து திருகிவைத்திருக்கிறார்கள், சுவரில் ஒரு பெரிய தொடுதிரை. திரையை மாட்டியவர் தன் உயரத்துக்கு மாட்டிவிட்டார், மேல்பாதி எந்தப் பிள்ளைக்கும் எட்டாது. திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார்கள், ஆக அந்த நல்ல ஜன்னலும் போயிற்று. தினம் 40 நிமிடம் அங்கே. 3, 4 வயசுக்கு உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதில் பெரும்பங்கைப் பள்ளியே எடுத்துக்கொண்டால் வீட்டில் நாங்கள் என்ன செய்வது? இன்னொரு வயிற்றெரிச்சல்: சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் இதே 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். 3 வருஷத்தில் அவர்களில் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5.

டிஜிட்டலே வேண்டாம் என்று சொல்லவில்லை. போன மாதம் ஒரு டேப்லெட் மேசையிலிருந்து கழன்றுபோனது. மிஸ் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், மரக்கட்டைக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல் நடுவே சாய்த்துவைத்து, ஒரு நத்தையைக் காலையிலிருந்து மதியம் வரை விட்டு விட்டுப் படம் எடுக்கவைத்தார். மதியம் அதை ஓட்டிக் காட்டியபோது நத்தை சர்ரென்று ஓடியது. ஒரே சிரிப்பு. அப்புறம் எல்லாரும் கட்டைக்கு ஓடி, அது போன வழியில் காய்ந்துகிடந்த பளபளப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். மகள் அன்று வீட்டுக்கு வந்து தரையில் படுத்து நத்தை மாதிரி ஊர்ந்து காட்டினாள், சாப்பிடக் கூப்பிட்டும் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அந்த அறையில் விரலால் தட்டிப் பழம் சேர்க்கிற விளையாட்டைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். அடுத்த பருவத்திலிருந்து நாலு டேப்லெட்டைக் கழற்றி வெளியே கொண்டுபோக விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், திரைச்சீலையைப் பற்றிப் பேச்சில்லை. சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சேர்க்கலாம், சுற்றிக்காட்டும்போது பின்பக்க முற்றத்துக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள், அவர்களாகக் காட்டமாட்டார்கள். மாற்றுத்துணி இரண்டு செட் பையில் இருக்கட்டும். பம்பின் வாஷர் மறுபடி தேய்ந்துவிட்டது, பத்து நாளாகத் தண்ணீர் ஏறவில்லை, அதை மட்டும் யாராவது சீக்கிரம் மாற்றினால் நல்லது.