ஐஸ் கூழுக்குப் பதில் குளிர் உறை: ஒரு பெர்ஃபியூஷனிஸ்ட்டின் மதிப்பீடு

இதய அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுவது என் வேலை. பெருந்தமனியில் கிளாம்ப் போட்டதும் இதயத் தசைக்கு ரத்தம் நின்றுவிடும். அது மறுபடி துடிக்கும்வரை தசை கெடாமல் பார்த்துக்கொள்வதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் இதயத்தைக் குளிர்விக்கும் இந்த உறையைக் கூர்ந்து கவனித்தேன்.

உள்ளே குளிர்ந்த நீர் ஓடும் மெல்லிய பை இது. இதயத்தின் அடியிலும் பக்கவாட்டிலும் அணைத்தாற்போல் வைப்பார்கள். வெளிப்பக்கம் குளிர் தாண்டாத அடுக்கு இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த அடுக்குதான். 1959இல் ஷம்வே, லோயர் என்ற அறுவை மருத்துவர்கள் இதயத்தை வெளியிலிருந்து குளிர்விக்கும் முறையை அறிவித்தார்கள். அதன் பிறகு பலரும் இதயத்தைச் சுற்றி ஐஸ் கூழைப் போட்டு வந்தார்கள். ஆனால் இதயத்தை மூடியிருக்கும் சவ்வின் இடப்பக்கமாக இறங்கும், உதரவிதானத்தை இயக்கும் ப்ரெனிக் நரம்பில் ஐஸ் பட்டால் அது மரத்துப்போகும். இடது உதரவிதானம் மேலேறி நின்றுவிடும். வென்டிலேட்டரிலிருந்து நோயாளியை எடுப்பது பெரும்பாடு; நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகலாம். குளிர் உறையில் அந்தப் பயம் வெகுவாகக் குறைகிறது. கூழ் உருகிய தண்ணீர் சக்‌ஷன் வழியாக என் மெஷினின் ரத்தத் தொட்டியான ரிசர்வாயருக்கு வந்து ரத்தத்தை நீர்க்கச் செய்வதும் இல்லை.

குறைகளும் உண்டு. பைபாஸில் பின்சுவர் நாளத்துக்காக இதயத்தைத் தூக்கினால் உறை நழுவுகிறது, குழாய் மடங்குகிறது. எங்களிடம் இருந்த மாடலில் நீரோட்டம் நின்றால் அலாரம் அடிக்காது. இதய இடைச்சுவரில் குத்தியிருந்த ஊசியின் வெப்பநிலை மெல்ல ஏறியதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இது ஏற்கவே முடியாத குறை. தவிர, முன்பக்கம் திறந்தே இருப்பதால், விளக்கு வெளிச்சத்தில் கிடக்கும் வலது கீழறைக்குத் தனியாகக் குளிர்ந்த உப்புநீர் ஊற்றத்தான் வேண்டும்.

அப்புறம், இதை நம்பி கார்டியோப்ளீஜியாவை, அதாவது இதயத்தை நிறுத்தச் செலுத்தும் பொட்டாசியக் கரைசலை, தள்ளிப்போடக் கூடாது. பொட்டாசியம் கொடுத்து இதயத்தை நிறுத்துவதிலேயே ஆக்ஸிஜன் தேவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும்; குளிர் அதை இன்னும் குறைக்கும், அவ்வளவுதான். தடித்த இடது கீழறையின் உள்தசைக்கு வெளிக்குளிர் சரியாகப் போய்ச் சேராது, கரோனரி வழியே போகும் 4 டிகிரி கரைசல்தான் போகும். டெல் நிடோ என்ற வகைக் கார்டியோப்ளீஜியா கரைசல் ஒரே டோஸில் முடிகிற குறுகிய அறுவைக்கு உறை தேவையே இல்லை.

நீண்ட வால்வு அறுவைகளுக்கு வாங்கலாம். நீரோட்ட அலாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வேறு மாடலைப் பாருங்கள்.